முதுகில் வாடை, இடது தோளில் கடல்

நாகப்பட்டினம் போகும் சாலையை நான் இருட்டில்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஊர் நாகை. எனக்குப் பிறந்ததிலிருந்து ராயபுரம். கோடை லீவு, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் ராத்திரி பஸ்தான். திருவான்மியூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். கண் விழித்தால் விடியற்காலை, நாகூர் மினாராவின் விளக்கு. நடுவில் கிடந்த 300 கிலோமீட்டரும் எனக்கு ஜன்னல் கம்பியின் குளிர்ச்சியும், வண்டி நின்ற ஏதோ ஒரு டீக்கடையின் வெளிச்சமும் மட்டும்தான். "ஒருதரம் பகல்ல போகணும் பாப்பா, வழியெல்லாம் கடல் தெரியும்" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். போன வருஷம் அவர் தவறிவிட்டார். கருமாதிக்கும் நாங்கள் ராத்திரி பஸ்ஸில்தான் போனோம்.

இந்தத் தையில் அந்த வழியே பகலில் போகப்போகிறேன், சைக்கிளில். ராயபுரத்தில் தொடங்கி, நாகை வழியாக, கோடிக்கரை வரை. தெற்கே ஓடிக்கொண்டே வரும் கரை சட்டென்று மேற்கே மடங்குகிற மூலை அது. பள்ளிக்கூட வரைபடத்தில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த இடம். அங்கே போய் நின்று பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. ஏறக்குறைய 380 கிலோமீட்டர். எனக்கு வயது 46. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், நான்கு வருஷமாக வேலைக்குப் போவதும் வருவதும் சைக்கிளில்தான்.

முதலில் நான் போட்ட திட்டம் சுத்தமாகத் தப்பு. மொத்தத் தூரத்தை ஐந்தால் வகுத்து, நாளைக்கு 76 கிலோமீட்டர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது தப்பு என்று தெரிந்தது டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினேன். போகும்போது மணிக்கு 22, 23 கிலோமீட்டர் வேகம். முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டி, கோவளத்தை விட்டு விலகிய பிறகும் மூச்சு வாங்கவே இல்லை. கால் பழகிவிட்டது என்று நினைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். திரும்பும்போது அதே சாலையில் 13-ஐத் தாண்ட முடியவில்லை. வடகிழக்கிலிருந்து வந்த காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதே காற்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

எதிர்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டுக்காரர் காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர். திண்ணையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தவர் நிமிராமலேயே சொன்னார்: "தை மாசம் வாடைம்மா. தெற்கால போறவங்களுக்குப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும். மாசி பாதி தாண்டிச்சுன்னா காத்து திரும்பிக்கும், அப்பால போவாதே." எனக்கு இரண்டு மாதமாகப் பிடிபடாத விஷயம் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த நான்கு பெயர்களும் எனக்கு முதன்முதலாகப் பயன்பட்ட நாள் அது. தெற்கே சைக்கிளில், திரும்புவது ரயிலில் என்று அன்றைக்கே முடிவானது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பி இடது தோளில் அடிக்கும், அதனால் தூரத்தையெல்லாம் காலையிலேயே ஓட்டி முடித்துவிட வேண்டும்.

ஆனால் வழியை எனக்கு உண்மையாகச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 29-ல் கொடியேறும், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதற்கு முன்னால் சென்னையிலிருந்து காவி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அக்கா 14 தடவை நடந்திருக்கிறார். அவர் மனதில் அந்தச் சாலை கிலோமீட்டராக இல்லை. நிழலாக, தண்ணீராக, கால் நீட்டிப் படுக்க விடுகிற இடமாக இருக்கிறது. "கல்பாக்கம் தாண்டும்போதே பாட்டில ரொப்பிக்கோ. மரக்காணம் உப்பளத்தாண்ட ஒரு மரம் கெடையாது, பத்து மணிக்குள்ள அத்தத் தாண்டிரு. ஆகஸ்டுல நாங்க போகச்சொல்லோ வழியெல்லாம் தண்ணிப் பந்தல் போட்டிருப்பாங்க, தையில அதெல்லாம் இருக்காது, நம்பிடாதே." நான் எழுத எழுத அவர் சொல்லிக்கொண்டே போனார். அந்த நான்கு பக்கத்துக்கு நிகராக என் போனில் எந்த வரைபடமும் இல்லை.

அதை வைத்துப் புதுத் திட்டம். முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், 60 கிலோமீட்டர்தான். இரண்டாம் நாள்தான் நீளம். கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கம், மரக்காணம், புதுச்சேரி என்று 95 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பினால்தான் அக்கா சொன்ன பத்து மணிக் கணக்கு சரிவரும். ஜனவரி நடுவில் சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். தை அமாவாசை 18-ம் தேதி என்பதால் நிலா வெளிச்சமும் இருக்காது. முன்விளக்கு நல்லதாக ஒன்று வாங்கினேன், பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு. இதில் மட்டும் பணம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சிதம்பரம். இங்கேதான் கடலோரச் சாலை கடலை விட்டு உள்ளே போகிறது. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. கடலூரில் பெண்ணையாறும் கெடிலமும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அதற்குக் கீழே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, அப்புறம் கொள்ளிடம். கரை முழுக்க முகத்துவாரம். ஆறு அகலமாகிக் கடலில் கரைகிற இடத்தில் பாலம் கட்டுவது லேசில்லை, அதனால் சாலை ஆறு குறுகும் இடம் தேடி உள்ளே போகிறது. கடலோரமாக ஒரே கோடு போட்டுவிடலாம் என்று நினைத்தது என் தவறு, ஆறுகள்தான் அந்தக் கோட்டை வளைக்கின்றன. இது தெரிந்த பிறகு சிதம்பரத்துக்குப் போவது சுற்றாகவே தோன்றவில்லை. நான்காம் நாள் கொள்ளிடப் பாலத்தில் இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அன்றைக்கே சீர்காழியிலிருந்து இடப்பக்கம் திரும்பிப் பூம்புகார் போனால் காவிரி கடலில் கலக்கும் இடம். முக்கொம்பில் பிரிந்து வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடம் வாங்கிக்கொண்டுவிடும். காவிரி வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வாய்க்கால் மாதிரி வந்து சேருமாம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம். அன்று ராத்திரி தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது.

தையில் டெல்டாவில் சம்பா அறுவடை. சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள் என்று அத்தை எச்சரித்தாள். நெல்லின் மேல் டயர் ஏறினால் வழுக்கும், ஏறவும் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

தங்குமிடம்தான் என்னை அழவைத்தது. ஒரு ஊரில் போன் செய்தேன், லாட்ஜ் பெயர் வேண்டாம். "கூட யாரு வர்றாங்க?" என்றார் மேனேஜர். தனியாக என்றதும், "தனி லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்ல மேடம்" என்று வைத்துவிட்டார். ஆதார் இருக்கிறது, முன்பணம் கட்டுகிறேன் என்று சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு புதுக்கோட்டையில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்ததே, அப்போது சித்தப்பாவின் பார் வைத்த சைக்கிளில் ஏறியவள் அவள். ஊரே வாசலில் நின்று பார்த்ததாம். "நான் ஏறுனப்போ யாரு சரின்னு சொன்னா? அடுத்த நம்பருக்குப் போடுடி" என்றாள். போட்டேன். அடுத்த இடத்தில் ஒரு பெண் எடுத்தார். சைக்கிளை உள்ளே வராந்தாவிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று அவராகவே சொன்னார்.

சைக்கிளைப் பற்றி நிறைய எழுத ஆசைதான், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். என்னுடையது சாதாரண ஹைபிரிட், 21 கியர். டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு, ஊர்ப்பக்கத்துப் பஞ்சர் கடைக் காற்றுக்குழாய் அதில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகிக்கொண்டால் பைக்குக்குக் காற்றடிக்கும் எந்தக் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். அதில் இரண்டு வாங்கி, ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துவிட்டேன். சாலையோரமெல்லாம் சீமைக்கருவேல முள், ஆகவே மாற்று டியூப் மூன்று. உப்புக்காற்று ஒரே ராத்திரியில் சங்கிலியில் துரு ஏற்றும். தூங்குமுன் துணியால் துடைத்து எண்ணெய் விட வேண்டும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும். பையில் ஒரு பழைய பனியன் துணி, இரண்டு செட் உடை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அப்பாவின் கைக்கடிகாரம்.

கிளம்புவது ஜனவரி 19, திங்கட்கிழமை. காணும் பொங்கல் 17-ம் தேதி. அன்றைக்கு மெரினாவிலிருந்து மாமல்லபுரம் வரை சைக்கிளுக்கு இடமே இருக்காது, மறுநாள் ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வருகிறது. திங்கள் விடியற்காலைதான் சாலை ஆறிப்போய்க் கிடக்கும். 23-ம் தேதி, வெள்ளிக்கிழமை மத்தியானம் நாகை. சனிக்கிழமை வேளாங்கண்ணி, வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளி அந்த வழியில்தான் இருக்கிறது. தையில் கோடிக்கரைச் சதுப்பில் பூநாரைகள் இறங்கியிருக்கும். அக்காவுக்காக மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், பணத்தை இப்போதே கையில் திணித்துவிட்டார்.

இந்தத் திட்டத்தை நேற்று நாகை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன்.

"வெள்ளிக்கிழமையா வர்ற? வெள்ளிக்கிழமை வீட்ல மீன் ஆக்க மாட்டேனே. உங்கப்பன் பொண்ணு மொத மொதல்ல பகல்ல வர்றா, சாம்பார் ஊத்தியா அனுப்புவேன்? சனிக்கிழமை இருந்து நண்டும் வவ்வாலும் தின்னுட்டு ஞாயித்துக்கிழமை கோடிக்கரை போ. திங்கக்கிழமை உன் அத்தான் குட்டியானையில சைக்கிளை ஏத்தி ரயிலடிக்குக் கொண்டாந்து விடுவான்."

ஆறு நாள் ஏழானது. திங்கட்கிழமை 26, குடியரசு தினம். லீவு லெட்டரைத் திருத்த வேண்டியதில்லை.