வீரனுக்கு முன் வீடு: போர்க்காட்சி மாதிரிக் கட்டடங்களைச் சேகரிப்பது பற்றி

பொம்மைப் படைவீரர்களைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் வீரர்களையும் டாங்கிகளையும் வாங்கிக் குவித்துவிட்டு, அவர்களை நிறுத்த ஓர் இடம் வேண்டுமே என்ற நினைப்பு வந்த பிறகுதான் கட்டடத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சாம்பல் நிறச் சீருடை அணிந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாயை நார்மண்டியில் நிறுத்தலாம், ஸ்டாலின்கிராடில் நிறுத்தலாம், இத்தாலியின் ஏதோ ஒரு மலைக்கிராமத்திலும் நிறுத்தலாம். அவன் எந்த ஊரில் நிற்கிறான் என்பதைச் சொல்வது அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான். அதனால் சில காலமாக என் பணத்தில் பெரும்பங்கு வீரர்களுக்குப் போகாமல் வீடுகளுக்கே போகிறது.

மாதிரிக் கட்டடம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது அதன் கதவை. பெட்டியின் மேல் 1/72 (அதாவது அசலின் 72இல் ஒரு பங்கு) என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிட முடியாது. ஐரோப்பிய வீட்டின் வாசற்கதவு ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அது 1/87 அளவில் 23 மி.மீ., 1/76 இல் 26 மி.மீ., 1/72 இல் 28 மி.மீ., 1/35 இல் 57 மி.மீ., 1/32 இல் 62 மி.மீ. இருக்க வேண்டும். 1.80 மீட்டர் உயரமுள்ள வீரன் 1/72 இல் 25 மி.மீ. நிற்பான், ஆனால் அவன் காலடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள பீடம் இருக்கும், தலையில் இரும்புத் தொப்பியும் இருக்கும் என்பதால், கணக்குப்படி சரியாக உள்ள கதவிலேயே தலை கதவுநிலையின் மேற்கட்டையைத் தொட்டுவிடும். அவனையே 1/87 அளவு வீட்டின் முன் நிறுத்தினால் குனிந்தாலும் உள்ளே போக முடியாது. பீடத்தை மண்ணுக்குள் புதைப்பது ஒரு வழி. கட்டடத்தை இரண்டு படிகள் உயர்த்தி வைப்பது இன்னொரு வழி. கதவுக்கு அடுத்தபடியாகச் சன்னலின் அடிவிளிம்பு எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பேன். அது 90 செ.மீ. என்றால் 1/72 இல் 12.5 மி.மீ.; அந்த உயரத்தில் இருந்தால்தான் முழந்தாளிட்டுச் சுடும் வீரனின் துப்பாக்கிக் குழல் வெளியே நீளும். அதைவிட மேலே போனால் அவன் சுவரைப் பார்த்துத்தான் சுட வேண்டியிருக்கும்.

இந்த அளவுக் குழப்பம் ரயில் மாதிரிகளிலிருந்து வந்தது. 1893 இல் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வார்ப்பு வீரர்களைக் கொண்டுவந்தபோது, அன்றைய ‘கேஜ் 1’ என்ற தண்டவாள அகலப் பொம்மை ரயிலுக்குப் பொருந்தும்படி 54 மி.மீ. உயரத்தைத் தேர்ந்தெடுத்தது, இன்றைய 1/32 அளவின் வேர் அதுதான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சிறிய பிளாஸ்டிக் வீரர்களின் பெட்டிகளில் முதலில் ‘ஹெச்ஓ-ஓஓ’ என்றே போட்டிருந்தார்கள். ஹெச்ஓ என்பது 1/87, ஓஓ என்பது 1/76. இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியதில் பல தலைமுறைச் சிறுவர்கள் ரயில் நிலையத்தையும் பீரங்கிப் படையையும் ஒரே மேசையில் கலந்து வைத்தார்கள். நம் நவராத்திரிக் கொலுவில் கோபுரத்தைவிட உயரமாகச் செட்டியார் பொம்மை உட்கார்ந்திருப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. விளையாட்டுக்கு அது போதும். ஒரு குறிப்பிட்ட தெருவில் குறிப்பிட்ட நாளில் நடந்ததைக் காட்ட வேண்டும் என்று வரும்போதுதான் அது உறுத்துகிறது.

ரயில்காரர்களின் வீடுகளை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃபாலர் போன்ற ஜெர்மானிய நிறுவனங்களின் 1/87 வீடுகள் காட்சியின் பின்வரிசையில் மிக நன்றாகப் பொருந்தும். முன்னால் 1/72, பின்னால் 1/87 என்று வைத்தால் ஓரடித் தூரம் ஒரு தெருவின் நீளமாகத் தெரியும். ஆனால் கூரையைக் கவனிக்க வேண்டும். இவற்றில் பல வீடுகள் போருக்குப் பிந்தைய காலத்தைக் காட்டுபவை என்பதால் புகைபோக்கியின் பக்கத்தில் தொலைக்காட்சி ஆன்டெனா நின்றுகொண்டிருக்கும். அதை வெட்டி எடுக்காமல் 1944 என்று பலகை வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொருளுக்குப் பொருள் குணம் மாறுகிறது. கீவ் நகரைச் சேர்ந்த மினிஆர்ட் நிறுவனத்தின் 1/35 கட்டடங்களில் பல, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின் மேல் உறிஞ்சி வடித்தவை. எடை குறைவு, விலையும் தாங்கும். ஆனால் தகடு மெல்லியது. ஐரோப்பியச் செங்கற் சுவர் ஒன்றரைக் கல் தடிமன் என்றால் ஏறத்தாழ 33 செ.மீ.; 1/35 இல் அது 9 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். முன் தகட்டையும் பின் தகட்டையும் ஒட்டும்போது நடுவில் பட்டைகள் வைத்து அந்தத் தடிமனைக் கொண்டுவராவிட்டால், சன்னலோரத்தில் பார்த்த உடனேயே அட்டைப் பெட்டி என்று தெரிந்துவிடும். ரெசின் வார்ப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் எடை அதிகம். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது அஞ்சல் செலவு பொருளின் விலையைத் தொட்டுவிடுகிறது, நம் சுங்கத்துறையோ அந்த இரண்டையும் கூட்டித்தான் வரி போடுகிறது. லேசரால் வெட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வீடுகள் தட்டையாக மடித்த உறையில் வந்து சேர்கின்றன, சாம்பிராணிப் புகைபோல ஒரு கருகல் வாசனையோடு. அவற்றின் மூலைகளில் சதுரச் சதுரமாகத் தெரியும் பூட்டுப் பற்களைப் புட்டி வைத்து மறைக்காத வரை வீடு என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. பெரிய 60 மி.மீ. வீரர்களுக்கு ஹாங்காங்கின் கிங் அண்ட் கன்ட்ரி போன்றவர்கள் முகப்பு மட்டும் உள்ள கட்டடங்களைச் செய்கிறார்கள். நான்கு தளக் கட்டடம் ஏறத்தாழ 14 மீட்டர் என்றால் அந்த வீரர்களுக்குரிய 1/30 இல் 47 செ.மீ. உயரம் வரும், முழுக் கட்டடத்தையும் அலமாரியில் ஏற்ற முடியாது என்பதால் முகப்போடு நிறுத்திக்கொள்வது நியாயமான ஏற்பாடு.

சந்தையில் மிகுதியாக விற்பவை இடிந்த கட்டடங்கள்தான், மிகுதியாகத் தவறு நேர்வதும் அவற்றில்தான். கூரை இல்லாத, மேல் விளிம்பு பல் பல்லாக உடைந்த இரண்டு சுவர்கள் மூலையில் சேர்ந்து நிற்கும். தரையோ பெருக்கித் துடைத்ததுபோல இருக்கும். விழுந்த சுவர் எங்கே போயிற்று? ஒரு தளம் சரிந்தால் அதன் செங்கல், ஓடு, உத்தரம், தரைப்பலகை எல்லாம் சுவரடியில் குவிந்து தெருவிலும் பரவும், நிலைப்படியே புதைந்துபோகும். அந்தக் குவியலும் நின்ற சுவரின் பொருளாகவே இருக்க வேண்டும். செங்கல் வீட்டின் காலடியில் கருங்கல் ஜல்லியைக் கொட்டுவது பொருந்தாது. நிற்கும் சுவரிலும் தடயங்கள் வேண்டும்: உத்தரங்கள் செருகியிருந்த குழிகள் ஒரே மட்டத்தில் வரிசையாகத் தெரிய வேண்டும், மேல்தளத்து அறையின் சுவர்த்தாள் ஒரு நிறத்திலும் கீழ்த்தளத்தினுடையது வேறு நிறத்திலும் இருக்க வேண்டும், தீப்பிடித்த வீடானால் சன்னல்களுக்கு மேலே கரி நாக்குகள் ஏறியிருக்க வேண்டும்.

இடிபாடுகள் வெறும் பின்னணி ஆகாமல் போரின் போக்கையே மாற்றியதற்கு இத்தாலியின் மோன்டே காசினோ மடாலயம் சான்று. 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் அதைத் தகர்த்த பிறகு, அந்தக் கற்குவியலே ஜெர்மானியப் பாராசூட் வீரர்களுக்குக் கோட்டையாயிற்று. அதைத் தாக்கும் பொறுப்பு அப்போது 4ஆவது இந்திய டிவிஷனிடம் இருந்தது. இத்தாலிய நிறுவனமான இட்டாலெரி இந்தப் போருக்கு 1/72 இல் தனித் தொகுப்பே வெளியிட்டிருக்கிறது.

ஸ்டாலின்கிராடுக்கு வந்தால், எல்லோரும் செய்ய விரும்புவது பாவ்லோவ் வீடு. 1942 செப்டம்பர் இறுதியில் சார்ஜென்ட் யாகோவ் பாவ்லோவின் சிறு குழு கைப்பற்றி, நவம்பர் வரை சோவியத் வீரர்கள் விடாமல் காத்த நான்கு தளக் குடியிருப்பு அது. அதில் காட்டத்தக்க நுணுக்கங்கள் பல. நிலவறைச் சுவர்களைத் துளைத்து உள்ளேயே வழி செய்திருந்தார்கள். டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியை மேல்தளத்தில் வைத்தார்கள், ஏனெனில் நெருங்கி வந்த டாங்கியால் தன் பீரங்கியை அந்த உயரத்துக்குத் தூக்க முடியாது. இதைக் காட்ட மேல்தளம் நிற்கும் கட்டடம் தேவை. கடையில் கிடைக்கும் ஒன்றரைத் தளச் சிதிலம் உதவாது. போருக்குப் பின் அந்தக் குடியிருப்பைச் சீரமைத்துவிட்டதால், அக்காலச் சிதைவின் தோற்றத்தைக் காண விரும்புவோர் அருகிலுள்ள கெர்கார்ட் மாவு ஆலையின் படங்களைப் பார்க்கலாம். அதை இடிந்த நிலையிலேயே நினைவுச்சின்னமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஸ்டாலின்கிராடின் மிக உண்மையான கட்டடமும், மிக மலிவான கட்டடமும் பெட்டியில் விற்கப்படுவதில்லை. 1942 ஆகஸ்ட் 23 அன்று தொடங்கிய விமானத் தாக்குதலில் நகரின் மர வீடுகள் எரிந்து சாம்பலாக, செங்கல்லால் கட்டிய அடுப்புகளும் அவற்றின் புகைபோக்கிகளும் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. அக்காலப் புகைப்படங்களில் அவை தெரிகின்றன. கோடு கீறிய செங்கல் வடிவத் தாளைச் சதுரக் குச்சியில் சுற்றி, கரியும் சாம்பலும் பூசி, ஒரு பலகையில் பத்துப் பன்னிரண்டை நட்டால் போதும். விலை உயர்ந்த சிதிலங்களைவிட எனக்கு இதுதான் நிறைவாக இருக்கிறது.

பழைய விளையாட்டுக் கட்டடங்களைச் சேகரிப்பது வேறு கலை. ஜெர்மனியின் ஹவுஸ்ஸர் நிறுவனம் எலாஸ்டோலின் என்ற பெயரில் மரத்தூளும் பசையும் கலந்த மாவால் செய்த வீரர்களும், அவர்களுக்கான கோட்டைகளும், அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் அச்சிட்ட தகரத்தில் செய்த கட்டடங்களும் அளவுக் கணக்குக்கு உட்பட்டவை அல்ல. கதவு சின்னது, நிறம் பொய்; ஆனாலும் அவற்றைத் திருத்தவோ மறுவண்ணம் பூசவோ கூடாது. பூசிய கணத்தில் அதன் மதிப்பு போய்விடும்.

நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இவற்றைக் காப்பது பெரிய வேலை. எலாஸ்டோலின் பொம்மையின் உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. அது துருப்பிடித்து ஊதினால் மேலுள்ள மாவு வெடிக்கிறது. அட்டை வீடுகளை வெள்ளிப்பூச்சி அரிக்கிறது, எம்.டி.எஃப். ஓரங்களில் உப்புகிறது. பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு: எம்.டி.எஃப்.பும் சில மரங்களும் மெல்ல வெளியிடும் கரிம அமில ஆவி, மூடிய கண்ணாடி அலமாரிக்குள் தேங்கி, ஈய வீரர்களின் மேல் வெண்பொடி பூக்கச் செய்யும். தொட்டால் உதிரும் அந்தப் பொடி ஈயமே கரைந்து உருவானது என்பதால் அழிந்த நுண்வடிவம் திரும்பாது, அது நச்சும்கூட. ஆகவே என் ஈய வீரர்கள் இரும்புச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட அலமாரியில் ரெசின் கட்டடங்களோடும் பிளாஸ்டர் கட்டடங்களோடும் இருக்கிறார்கள். பலகை வீடுகள் பிளாஸ்டிக் வீரர்களோடு வேறு அறையில் இருக்கின்றன.

இத்தனை வகைகள் இருந்தும், வாங்கக் கிடைப்பவை பெரும்பாலும் பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, இத்தாலி என்ற வட்டத்துக்குள்தான். நார்மண்டியின் பெகாசஸ் பாலம் 1/72 இல் கிடைக்கிறது. ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய நம் நாகாலாந்தின் கோஹிமாவுக்கு உரிய கட்டடம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த அந்தப் போரில் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானியர் பேக்கரியின் செங்கல் அடுப்புகளுக்குள் ஒளிந்திருந்த இடம் ஒன்று. மாவட்ட ஆணையரின் பங்களாவும் அதன் டென்னிஸ் களமும் இன்னொன்று. களத்தின் இரு பக்கமும் எறிகுண்டு வீசும் தூரத்தில் பதுங்குகுழிகள் இருந்தன. மே மாதத்தில் ஒரு லீ டாங்கியை (அமெரிக்கத் தயாரிப்பு) அந்த மலைச்சரிவில் கொண்டுவந்து இறக்கிய பிறகே ஜப்பானியரின் பிடி தளர்ந்தது. அதற்குள் பங்களா இடிந்துபோயிருந்ததால், செய்ய வேண்டியது அடித்தளமும் படிப்படியான சரிவும்தான். டென்னிஸ் களம் 23.77 மீட்டர் நீளமும் 10.97 மீட்டர் அகலமும் கொண்டது. 1/72 இல் 33 செ.மீ.க்கு 15 செ.மீ. வருகிறது. சரிவுக்கு ஃபோம் போர்டை அடுக்காக வெட்டி ஒட்டத் தொடங்கியிருக்கிறேன். சரிவில் சிதறிக் கிடக்க வேண்டிய நெளிதகரத் துண்டுகளுக்கு, சமையலறை அலுமினியத் தாளை நெளிவான அட்டையின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தெடுப்பது எந்தக் கடைச்சரக்கையும்விட நன்றாக வருகிறது. லீ டாங்கி மட்டும் 1/72 இல் வாங்க வேண்டும்.