நெட் பொருளியல்: முழு வேலைவாய்ப்பில் நான் விட்ட மதிப்பெண்கள்

போன வாரம் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தது. மூன்றாவது முயற்சியில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. கோத்தகிரியில் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும்வரை காத்திருந்து சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

முதல் தாளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் முழு வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டு முறை என்னைக் கவிழ்த்தது அதுதான்.

முதல் தடவை, 'வேலையில்லாதவரே இல்லாத நிலை' என்று நோட்ஸில் இருந்ததை அப்படியே நம்பிப் போனேன். தவறு. ஒரு வேலையை விட்டு அடுத்ததைத் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். முழு வேலைவாய்ப்பு என்றால் வேலை தேடும் ஆட்களைவிடக் காலியிடங்கள் அதிகமாக இருக்க வேண்டும் என்பதே பிரிட்டிஷ் பொருளியலாளர் பெவரிட்ஜ் சொன்னது. அப்போதும் 3 சதவீதம் வேலையின்மை இருக்கும் என்றுதான் கணக்குப் போட்டார்.

இரண்டாம் தடவை கால வரிசைக் கேள்வி. பெவரிட்ஜின் 1942 அறிக்கை சமூகக் காப்பீடு பற்றியது; முழு வேலைவாய்ப்பு நூல் 1944. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். கட்-ஆஃப் நூலிழையில் போனது.

ஆண்டுகளை உருப்போடாதீர்கள். யார் யாருக்குப் பதில் சொன்னார் என்று பிடியுங்கள்:

- 1936 கெய்ன்ஸ்: சந்தை தானாகவே எல்லோருக்கும் வேலை தந்துவிடாது; மொத்தத் தேவை போதாவிட்டால் வேலையின்மை நிலைத்துவிடும்.
- 1946 அமெரிக்க வேலைவாய்ப்புச் சட்டம்: மசோதாவில் இருந்த 'முழு' என்ற சொல் சட்டத்தின் பெயரில் இல்லை.
- 1958 பிலிப்ஸ்: வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறும்.
- 1968 ஃப்ரீட்மன்: அந்த உறவு நீண்ட காலத்தில் நிற்காது; வேலையின்மை அதன் 'இயல்பான வேலையின்மை வீதம்' என்ற அளவுக்கே திரும்பிவிடும்.
- 1978 ஹம்ஃப்ரி-ஹாக்கின்ஸ் (அமெரிக்கச் சட்டம்): வேலையின்மையை 4 சதவீதமாகக் குறைக்கும் இலக்கு.

அப்புறம் வேலையின்மையைக் கணக்கிடும் இந்திய அளவீடுகள். இதை எனக்குப் புரிய வைத்தது புத்தகம் இல்லை. ஜனவரியில் உறைபனி விழுந்தால் கொழுந்து கருகிவிடும். அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வேலை. ஆனால் 7 நாளில் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே 'நடப்பு வாராந்திர நிலை' என்ற அளவீட்டில் 'வேலையில் உள்ளவர்' கணக்குதான். அடுப்படியில் அம்மா சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றைக்கு இந்த வரையறை என் மனதில் ஒட்டியது. அதற்குப் பிறகு தப்பியதே இல்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒன்று. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் வீட்டுச் சுவரில் இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் தங்கை எழுதப் போகிறாள்.