கோடரிதான் வேண்டுமாம்
ஞாயிறு மாலை, கோபிச்செட்டிபாளையத்தில் மொட்டைமாடி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு; ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டு. பங்காளி வழக்கம்போல் பெருங்கோடரிதான் வேண்டுமென்று அடம்பிடித்தார். அதன் அடியைக் கணக்கிடப் பன்னிரண்டு முகப் பகடை ஒன்று, சராசரி 6.5. பெருவாளுக்கு ஆறு முகப் பகடை இரண்டு. சராசரி 7, ஒன்று விழவே விழாது. சொன்னால் கேட்டால்தானே! பகடை உருண்டு நிலக்கடலைத் தட்டுக்குள் போய் நின்றது. எடுத்துப் பார்த்தால், 1.

எதிரே எலும்புக்கூடுகள். தண்டாயுத அடி அவற்றுக்கு இரட்டிப்பு. என் பாத்திரமான பூசாரிதான் நொறுக்கினார் (பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான்).

புதையலில் மந்திரக் கோடரி! ஆனால் இதைப்போல் இசைவு, அதாவது ஆளோடு மந்திரப் பிணைப்பு, தேவைப்படும் பொருள் ஓர் ஆளுக்கு மூன்றுதான். பங்காளியிடம் ஏற்கெனவே மூன்று. எந்த மோதிரத்தைக் கழற்றுவதென்று பத்து மணி வரை யோசித்தார். கீழே சந்தகை ஆறிப்போய்விட்டது.