வாசித்துக் காட்டும் வேலை

மெய்ப்புத் திருத்தும் பிரிவில் பல வருடங்கள் எனக்கு வாசிக்கும் வேலை. மூலப் பிரதியை நான் உரக்கப் படிப்பேன். எதிரே இருப்பவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டுவார். தமிழ்ப் பக்கங்கள் மளமளவென்று முடிந்துவிடும். ஆங்கிலப் பக்கம் வந்தால் வேகம் பாதியாகிவிடும். காதில் விழுவதை வைத்துத்தான் அவர் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும்; ஆனால் அந்த மொழியில் ஒலி ஒரு வழியும் எழுத்து ஒரு வழியுமாகப் போகும்.

அதனால் ஒலிக்காத எழுத்தையும் ஒலித்தே படிப்போம். கடனைக் குறிக்கும் 'டெட்' எங்கள் மேசையில் 'டெப்ட்'. 'ரிசீட்' என்பது 'ரிசீப்ட்'. தீவு வந்தால் 'இஸ்லண்ட்'. கமா, முற்றுப்புள்ளி, பெரிய எழுத்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்.

கடன் சொல்லான 'டெட்'டில் அந்த 'பி' ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அது கிடையாது. லத்தீன் மூலமான 'டெபிட்டும்' தெரியட்டும் என்று பின்னால் வந்த படிப்பாளிகள் சொருகியது. தீவின் 'எஸ்' இன்னும் அநியாயம்: லத்தீன் 'இன்சுலா'வோடு சம்பந்தமே இல்லாத சொல்லில், இருப்பதாக நினைத்துச் சேர்த்தது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்'டின் 'கே' மட்டும் ஒரு காலத்தில் நிஜமாகவே ஒலித்தது. 1476இல் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தபின் எழுத்துமுறை மெல்ல மெல்ல உறைந்தது. நெடில் உயிர்களின் ஒலியோ அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் கூட்டங்களில் அறிக்கை வாசிக்கும் பொறுப்பும் வந்தது. அங்கே மேசைப் பழக்கம் உதவாது. படிப்பதைக் குறிக்கும் ஒரே எழுத்துச் சொல்லை 'ரீட்' என்பதா 'ரெட்' என்பதா என்று முடிவு செய்ய வாக்கியத்தின் காலம் தெரிய வேண்டும். ஆகவே கண் எப்போதும் வாய்க்குச் சில சொற்கள் முன்னால் போக வேண்டும். 'ரெக்கார்ட்' பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையாக வந்தால் இரண்டாவதில். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதில் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். காதால் கேட்காமல் புத்தகத்திலேயே சொற்களைச் சேர்த்தவர்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார். அவர் நிறைய படித்தவர் என்பதற்கு அதுவே அடையாளம்.

புதிதாக வாசிக்க வருபவருக்கு முந்தின நாளே பக்கங்களைக் கொடுத்துவிடுவேன். அழுத்தம் விழும் அசையின்மேல் பென்சிலால் சிறு கோடு போட்டுக்கொண்டு, சந்தேகமான சொல்லை அகராதியில் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். 'கர்னல்' என்ற பதவிப்பெயர் இருந்தால் மட்டும் பக்கத்திலேயே தமிழில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்தச் சொல்லின் எழுத்தில் எவ்வளவு தேடினாலும் 'ஆர்' கிடைக்காது.