அதக்கிக்கிடுங்க அண்ணாச்சி

செங்கோட்டையில் மருந்துக்கடை வேலை எனக்கு. புளியரை செக்போஸ்ட் நோக்கிப் போகும் லாரிகள் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கொல்லம் போகிற டிரைவர் ஒருவர், பீடியை விடப்போவதாகச் சொல்லி நிக்கோடின் கம் ஓர் அட்டை வாங்கினார். நானும் காசை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மறுநாளே வந்து நின்றார்.

"என்னத்த கொடுத்த தம்பி? எஸ் வளைவுல பிடிச்ச விக்கல் தென்மலை வரைக்கும் நிக்க மாட்டேங்கு. இதுக்குப் பீடியே தேவலை."

"எப்படிச் சாப்பிட்டீங்க?"

"மிட்டாய் மாதிரி மென்னு முழுங்கினேன். நடுவுல ஒரு டீ."

தப்பு என்மேல்தான். அந்த மருந்து வயிற்றுக்கானதே இல்லை. கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் சரியாகச் சேராது. அட்டைப் பெட்டியில் இருந்ததை அப்படியே தமிழில் ஒப்பித்தேன்: "மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வைக்கவும்." அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

சட்டென்று ஆச்சி ஞாபகம் வந்தது. வெற்றிலை போட்டதும் புகையிலையை ஓரமாக அதக்கிக்கொண்டு அரைமணி நேரம் வாயே திறக்க மாட்டாள்.

"நாலு மெல்லு மெல்லுங்க. சுருசுருன்னு காரம் வந்ததும் அதக்கிக்கிடுங்க அண்ணாச்சி. காரம் போனா மறுபடி மெல்லுங்க. அரைமணி நேரம் தாங்கும்."

"அட, அப்படிச் சொல்லு!"

புகையிலையை விடச் சொல்லப் புகையிலைக்காரர்களின் சொல்லைத்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வீடு மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் வட்டாரம் இது. அவர் மனைவியும் சுற்றுகிறவர்தான். அவரிடம் போய்ப் புகையிலையின் கெடுதலைப் பற்றி நான் பிரசங்கம் செய்ய முடியுமா?

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இன்னொன்றையும் அப்போதுதான் கேட்டேன். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி?

"பாயைச் சுருட்டுறதுக்கு முன்னாடியே."

கண் விழித்து அரைமணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு நான் கொடுத்த 2 மில்லிகிராம் போதாது, 4 வேண்டும். டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். பியூப்ரோபியான் மாதிரி மாத்திரைகளும் உண்டு. பீடியை நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே அதைத் தொடங்க வேண்டும். எதுவானாலும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: பீடிப் புகையில் இருக்கிற நிக்கோடின் பத்து, இருபது நொடியில் மூளைக்கு ஏறிவிடும், கம் அப்படி ஏறாது, ஏமாந்துவிடாதீர்கள். முதல் வாரம்தான் படுத்தும்: எரிச்சல், தூக்கமின்மை, கண்டபடி பசி. வேட்கை வந்தால் சில நிமிடத்தில் தணியும், அதுவரை எதையாவது செய்து ஓட்டுங்கள்.

போன வாரம் வந்தார். செக்போஸ்ட்டில் நாலு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டார்களாம். பக்கத்து வண்டிக்காரர் நீட்ட, ரெண்டு பீடி இழுத்துவிட்டார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"எத்தனை நாள் கழிச்சு?"

"பத்தொம்பது."

டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்து இன்னோர் அட்டை எடுத்து வைத்தேன். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டவர், மீதிச் சில்லறைக்குப் பதில் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினார். அதக்கியிருந்தார்.