மேடைக்கு வராத நாளுக்கும் சம்பளம்

மேடைக்கு வராத நாளிலும் எனக்குச் சம்பளம் உண்டு. சிங்கப்பூர் இசை நாடகங்களில் நான் ஸ்விங். குழு நடனத்தில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகினாலோ காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே அவள் இடத்தில் இறங்கி ஆட வேண்டும். அதற்குப் பெண்கள் வரிசை மொத்தமும் மனப்பாடமாக இருக்க வேண்டும்: யார் எந்த ஓரத்திலிருந்து வருகிறாள், யார் நாற்காலியைத் தூக்குகிறாள், யார் எந்தப் பாட்டுக்கு முன் இருட்டில் உடை மாற்றுகிறாள் என்பது வரை.

ஸ்டெப்ஸ் சீக்கிரம் வந்துவிடும். கஷ்டம் இடம்தான். மேடையின் முன்விளிம்பில் நடுவில் 0, இரண்டு பக்கமும் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். ஒரே அசைவை ஒருத்தி இடது 4இல் செய்வாள், இன்னொருத்தி வலது 2இல். அரை அடி தள்ளி நின்றால் பின்னால் உருண்டு வரும் செட் இடிக்கும். அதனால் ஆளுக்கொரு நிறத்தில் படம் வரைந்து நோட்டு வைத்திருக்கிறேன். மற்றவர்கள் ஒத்திகை பார்க்கும்போது சுவரோரம் உட்கார்ந்து விரல்களாலேயே ஆடிப் பார்ப்பேன்.

சின்ன வயதிலிருந்து பரதம். தாளக்கணக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜாஸ் வகுப்பில், அரைமண்டியில் வெளிப்பக்கம் பார்த்தே பழகிய முட்டிகள் நேராகத் திரும்ப மறுத்தன. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது பரதத்தில் பாடம். ஜாஸில் எல்லாரும் நேரே பார்க்கையில் என் கண் மட்டும் கையோடு போகும்!

சொந்தக்காரர்கள், "எந்த நாள் டிக்கெட் வாங்குனா உன்னைப் பாக்கலாம்?" என்பார்கள். எனக்கே சாயங்காலம்தான் தெரியும். சில நாள் இடைவேளையில்.

காசு விஷயம் வேறு. ஒரு நாடகம் முடிந்தால் அடுத்தது வரை சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு. சுயதொழில் என்பதால் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளி பங்கு கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் அதில் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்குக்கு நாமே கட்ட வேண்டும். 2020 ஏப்ரல் 7 அன்று சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கியபோது அரங்கமும் இல்லை, மன்றமும் இல்லை. யீஷூன் வீட்டில் சோஃபாவை நகர்த்திவிட்டு ஜூமில் சொல்லிக்கொடுத்தேன். கீழ்வீட்டு ஆன்ட்டி துடைப்பக் கட்டையால் தாளம் போட்டார்.

அடுத்து ஓர் ஆடிஷன் இருக்கிறது. நிரந்தரக் குழுவா, ஸ்விங்கா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். வாரத்துக்கு 8 காட்சி, தினமும் அதே இடது 4இல் நிற்பதை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. இருந்தாலும் வாடகை இருக்கிறதே, இரண்டிலும் டிக் போட்டேன்.