மூடிய பின் யார் பார்ப்பார்?

விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கருவிப்பலகை. அதில் ஒவ்வொரு மானியின் முள்ளையும் பூதக்கண்ணாடி வைத்து வரைந்துகொண்டிருந்தார் நண்பர். 1/72 அளவில், ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி.

உண்மையான விமானத்தின் இறக்கை 11.23 மீட்டர். இங்கே பதினைந்தரை செ.மீ. சொச்சம்.

உடலின் இரு பாதிகளையும் ஒட்டி, மேலே கண்ணாடி மூடியை வைத்துவிட்டால் அந்த முட்கள் யார் கண்ணுக்கும் படாது. வரைகிறவருக்கும் அது தெரியும்.

முதலில் முழுக்கக் கறுப்பு. தூரிகையில் வெள்ளை தொட்டு, மிச்சம் ஏதும் இல்லை என்று தோன்றும்வரை டிஷ்யூவில் துடைத்து, மேலோட்டமாகத் தடவ வேண்டும். புடைத்த விளிம்புகள் மட்டும் எழுந்து வரும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொட்டு பளபளப்பு வார்னிஷ், காய்ந்தால் கண்ணாடி.

இதற்கா இரண்டு மணி நேரம் என்று கேட்கலாம். அதற்கேதான். அலுவலகத்தில் எந்த வேலை முடிகிறது? இங்கே முடிந்தது கண்முன்னே தெரியும். கெட்டாலும் காரணம் தெரியும்: சொரசொரப்பான மேட் பெயின்டின் மேல் டீக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படம், ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளித் திட்டாகப் பூத்துவிடும், முதலில் பளபளப்புப் பூச்சு கொடுத்திருக்க வேண்டும்.

கண்ணாடி மூடிக்கு மட்டும் சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவி படிந்து உள்பக்கம் வெண்மூட்டமாகிவிடும், முட்களும் போச்சு. வெள்ளைப் பசையை ஊசிமுனையால் வைத்து, இரவு முழுக்கத் தொடாமல் விட வேண்டும்.

அதுதான் கஷ்டம்.